சும்மா இளக்காரம் பண்ணேன் மச்சி

தலைப்பைப் படிச்சதும் எங்கயோ இடிக்குதா? இடிக்கணும். ‘சும்மா கிண்டல் பண்ணேன் மச்சி’ன்னு ஹாஸ்டல்ல ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்கிறோம். ‘சும்மா கேலி பண்ணேன்’, ‘சும்மா நக்கல் அடிச்சேன்’, ‘சும்மா ஓட்டுனேன்’, ‘சும்மா கலாய்ச்சேன்’, எல்லாமே காதுக்குச் சரியா இருக்கு. ‘சும்மா இளக்காரம் பண்ணேன்’னு மட்டும் யாரும் சொல்றதில்லை. ‘சும்மா இழிவுபடுத்தினேன்’னும் சொல்றதில்லை. இதுவரைக்கும் எந்த சீனியர் வாயிலிருந்தும் அது வந்து நான் கேட்டதில்லை.

இந்த ‘சும்மா’ டெஸ்ட்டை நாங்க கண்டுபிடிச்சது ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஸ்ல, சிக்கனுக்காக வரிசையில நின்னப்போ. தமிழ்ல அடுத்தவனை மட்டம் தட்டுறதுக்கு எத்தனை வார்த்தை இருக்குன்னு எண்ண ஆரம்பிச்சோம். கிண்டல், கேலி, நக்கல், நையாண்டி, பரிகாசம், பகடி, ஏளனம், எள்ளல், எகத்தாளம், இளக்காரம், குசும்பு, லொள்ளு... தட்டு கைக்கு வர்றதுக்குள்ள இருபதைத் தாண்டிடுச்சு. இதுல ட்ரோல், ரோஸ்ட் எல்லாம் சேர்க்கலை. அன்புக்கு இத்தனை வார்த்தை வருமான்னு ஒருத்தன் கேட்டான். அதை எண்ணிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை, லெக் பீஸ் தீர்ந்துட்டிருந்தது.

ஆனா அந்த லிஸ்ட்டை ரூமுக்கு வந்து மறுபடி பார்த்தா ஒரு விஷயம் தெரிஞ்சது. இந்த வார்த்தைகள் எல்லாம் ஒரே பொருள் இல்லை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு திசை இருக்கு. நக்கல் பக்கவாட்டுல போகும், ஃப்ரெண்டுக்கு ஃப்ரெண்டு. எகத்தாளம் கீழே இருந்து மேலே போறது. அதனாலதான் ‘என்னடா, எகத்தாளமா?’ன்னு கேட்கிறவர் எப்பவும் ஹெச்.ஓ.டி.யாவோ, வார்டனாவோ, அப்பாவாவோ இருக்கார். நாம அவங்களைப் பார்த்து அப்படிக் கேட்க முடியாது. இளக்காரம் மேலே இருந்து கீழே இறங்குறது. அதுக்கு வாயைத் திறக்கணும்னுகூட இல்லை. ‘இளக்காரமா பார்த்தான்’னுதான் சொல்றோம். பார்வையிலேயே முடிஞ்சிடும். அதை ‘சும்மா’ன்னு திரும்ப வாங்கிக்க முடியாது, ஏன்னா அவன் எதையும் சொல்லவே இல்லையே.

தொல்காப்பியத்துல மெய்ப்பாட்டியல்னு ஒரு பகுதி இருக்கு. மனசுக்குள்ள நடக்கிறது உடம்புல எப்படித் தெரியுதுன்னு எட்டா வகுத்துச் சொல்ற இடம். அதுல முதல் மெய்ப்பாடு நகை, அதாவது சிரிப்பு. அந்தச் சிரிப்பு பிறக்கிறதுக்கு நாலு காரணம் சொல்றார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். முதல் காரணமே எள்ளல்! ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியும் நம்ம ஆளுங்க முதல்ல சிரிச்சது அடுத்தவனைப் பார்த்துத்தான் போல. இதுக்கு உரை எழுதின பேராசிரியர் (அது அவர் பேரு, டெசிக்னேஷன் இல்லை) எள்ளலை ரெண்டாப் பிரிக்கிறார். நான் அடுத்தவனை எள்ளிச் சிரிக்கிறது ஒண்ணு. அடுத்தவன் என்னை எள்ளும்போது நான் சிரிக்கிறது இன்னொண்ணு.

அந்த ரெண்டாவது வகையைப் படிச்சப்போ கொஞ்ச நேரம் புக்கை மூடி வெச்சுட்டேன். ஃபர்ஸ்ட் இயர்ல என் முகத்துல இருந்தது அந்தச் சிரிப்புதான்.

என் ஊர் வாசலூர்பட்டி. கொல்லிமலைக்கு டூர் வந்திருந்தீங்கன்னா படகுத்துறைக்கு வந்திருப்பீங்க, அதே ஊர்தான். காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரணும். ஹாஸ்டல்ல சேர்ந்த முதல் வாரம், இன்ட்ரோ குடுக்கச் சொன்னாங்க. பேர், ஊர், கட்-ஆஃப். ஊரைச் சொன்னதும் ஒரு சீனியர் ‘பட்டியா? மலை மேல பட்டியா? அப்போ நீ டபுள் காட்டான்டா’ன்னார். அறையே சிரிச்சது. நானும் சிரிச்சேன். அன்னையில இருந்து என் பேரு காட்டான். வாட்ஸ்அப் குரூப்ல அதான், ஃபுட்பால் டீம்ல அதான், ஜெராக்ஸ் கடை அண்ணன்கூட ‘காட்டானுக்கு எத்தனை காப்பி?’ன்னுதான் கேட்பார். ரெண்டாவது வருஷம் என் கிளாஸ்ல ஒருத்தன் என் பேரு தெரியாம எனக்கு ஜிபே பண்ண முடியாம நின்னான்.

பட்டின்னா ஆடு மாடு அடைக்கிற இடம், அப்புறம் சின்ன ஊர். உசிலம்பட்டி, கோவில்பட்டி, ஆண்டிபட்டின்னு தமிழ்நாடு முழுக்க இருக்கு. அதுல காட்டைச் சேர்த்தா பட்டிக்காடு, ஆளைச் சேர்த்தா வசவு. பட்டிக்காட்டான் முட்டாய்க் கடையைப் பார்த்த கதை உங்களுக்கே தெரியும். எனக்கு இதுல ஒரு சின்ன ஆதங்கம். எங்க மலையில 14 ஊராட்சி, அதுங்க பேரெல்லாம் ‘நாடு’ன்னுதான் முடியும். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு. பதினாலு நாட்டுக்குள்ள பிறந்தவனைக் கூப்பிட உங்களுக்குக் கிடைச்சது காடுதானா?

பத்தாவது தமிழ்ப் புத்தகம் வரைக்கும் நாங்க பெரிய ஆளுங்க. குறிஞ்சி நிலம், வல்வில் ஓரி, ஒரே அம்புல யானை, புலி, மான், பன்றி, உடும்புன்னு அஞ்சையும் துளைச்ச வள்ளல். மார்க்குக்காக எல்லாரும் மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. அந்த ஓரியோட மலையில இருந்து ஒருத்தன் கையில ட்ரங்க் பெட்டியோட ஹாஸ்டலுக்கு வந்தா மட்டும் குறிஞ்சி காணாமப் போய், காடு வந்துடுது.

வார்த்தையை விடுங்க. தமிழ்ல இளக்காரத்தைக் காட்ட வார்த்தையே தேவையில்லை, இலக்கணமே போதும். ‘ஆம்’னு ஒரு ஒட்டு இருக்கே, ‘மழை வருமாம்’ மாதிரி யாரோ சொன்னதைச் சொல்றதுக்கு. அதையே ஆள் மேல ஒட்டிப் பாருங்க: ‘இவரு இன்ஜினியராம்’. முடிஞ்சது கதை. படிப்பு கிடிப்பு, வேலை கீலைன்னு ‘கி’ போட்டா எதையும் சில்லறையா ஆக்கிடலாம். ‘பெரிய’ன்னு முன்னாடி போட்டா எவனும் சின்னவன் ஆயிடுவான்: ‘பெரிய ஐஐடி’. மரியாதையை ஏத்தினாலும் வசவுதான்: ‘துரை எந்திரிச்சிட்டாரா?’ உறுப்பு எதையாவது எடுத்து ‘ஆ’ சேர்த்தா பட்டப்பேரு ரெடி: மண்டையா, மூக்கா, வாயா. கவுண்டமணி செந்திலைக் கூப்பிட்ட விதமெல்லாம் பெரும்பாலும் இந்த ஃபார்முலாதான், அதுக்கு நாமும் விழுந்து விழுந்து சிரிச்சோம். இன்னும் சிரிக்கிறோம், அதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை. ரெண்டு பேரும் ஒரே ஃப்ரேம்ல, ஒரே சம்பாத்தியத்துக்காக நிக்கிற ஆளுங்க. செந்தில் திருப்பிக் குடுக்கிறதும் அதுல உண்டு.

எனக்கு உறைச்சது வேற ஒண்ணு. மனுஷனை அஃறிணைக்கு இறக்குறது. மலையில இருந்து வந்தவங்க நாங்க நாலு பேர் ஒரே ரூம்ல இருந்தோம். ‘அதுங்க எல்லாம் அந்தக் கடைசி ரூம்ல இருக்கு’ன்னு ஒருத்தர் இன்னொருத்தருக்கு வழி சொன்னது என் காதுல விழுந்தது. ‘இருக்கு.’ ‘இருக்காங்க’ இல்லை. திட்டலை, கெட்ட வார்த்தை இல்லை, புகார் குடுக்க ஒண்ணுமே இல்லை. ஒரு வினைமுற்று, அவ்வளவுதான்.

இதுக்கும் இலக்கணத்துல இடம் இருக்குன்னு அப்புறம்தான் படிச்சேன். நன்னூல்ல பவணந்தி முனிவர் சொல்றார்: உவப்பு, உயர்வு, சிறப்பு, கோபம், இழிப்பு இந்த அஞ்சு காரணத்தால பாலும் திணையும் மாறி வந்தா அது தப்பில்லை, இயல்புதான்னு. கவனிச்சீங்களா, முதல்ல நிக்கிறது உவப்பு, கடைசியில நிக்கிறது இழிப்பு. ரெண்டுக்கும் ஒரே விதி. எங்க அப்பாயி ஆட்டைப் பார்த்து ‘வாடி என் ராசாத்தி’ன்னு கூப்பிடும், அது உவப்பு. ஆட்டை உயர்திணைக்கு ஏத்தியாச்சு. என்னை அந்த ஆள் அஃறிணைக்கு இறக்கினார், அது இழிப்பு. எதுக்காக மாத்தினாங்கங்கிறதை வாக்கியத்தை வெச்சுக் கண்டுபிடிக்க முடியாது, சொல்ற ஆளை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி எழுதினவருக்கு எங்க ஹாஸ்டல் காரிடார் எப்படித் தெரிஞ்சதுன்னு தெரியலை.

அடுத்து ‘மலையாளி’. எங்க சாதிச் சான்றிதழ்ல அப்படித்தான் இருக்கும். மலையை ஆள்றவன், மலையில வாழ்றவன்னு அர்த்தம். கொல்லிமலை, சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, ஜவ்வாதுன்னு இந்த மலைங்கள்ல இருக்கிறவங்க. காஞ்சிபுரத்துல இருந்து மலையேறி வந்த அண்ணன் தம்பிங்களோட வழி நாங்கன்னு எங்க ஊர்ல கதை சொல்வாங்க. கேரளாவுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை, வீட்டுல பேசுறது தமிழ்தான். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல பழங்குடிகள் 7.95 லட்சம் பேர், அதுல கிட்டத்தட்டப் பாதி எங்க ஆளுங்க. அட்மிஷன் கவுன்ட்டர்ல சான்றிதழைப் பார்த்த ஒருத்தர் ‘எந்தா சேட்டா, சுகமானோ?’ன்னு கேட்டார். அது உண்மையிலேயே நக்கல்தான், அவருக்குத் தெரியாது, நானும் சிரிச்சுட்டு விளக்கினேன். பக்கத்துல இருந்தவர் எட்டிப் பார்த்துட்டு ‘ஓ... கோட்டா’ன்னு மட்டும் சொன்னார். அதுக்கு விளக்கம் எதுவும் யாரும் கேட்கலை.

‘கோட்டா’ எப்போ வசவாச்சுன்னு யாராவது எம்.ஃபில் பண்ணலாம். 69 சதவீத இடஒதுக்கீட்டுல பழங்குடிகளுக்கு 1 சதவீதம். நூறு பேர்ல ஒருத்தன். அந்த ஒருத்தன் வைவாவுல திணறினா ‘கோட்டா கேஸு’ன்னு பேர், மத்த தொண்ணூத்தொன்பது பேர்ல எவன் திணறினாலும் ‘மச்சி படிக்கலையா?’ இன்ட்ரோவுல ஊருக்கு அடுத்து கட்-ஆஃப் கேட்கிறாங்களே, அது எதுக்காகக் கேட்கிறாங்கன்னு கேட்கிறவனுக்கும் தெரியும், சொல்றவனுக்கும் தெரியும்.

சாப்பாட்டைப் பத்தி ரொம்பப் பேச வேணாம், ஒண்ணே ஒண்ணு. ‘கம்பி எண்ணி களி திங்கப் போறே’ன்னு திட்டுறாங்கல்ல, எங்க வீட்டுல ஜெயிலுக்குப் போகாமலே ராகிக்களிதான். சாமைச் சோறும் உண்டு. 2023-ஐ ஐ.நா. சபை உலகச் சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சதுக்கு அப்புறம் என்னைக் ‘களி’ன்னு கூப்பிட்ட அதே புண்ணியவான் கஃபேல சாமைப் பொங்கல் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சிருந்தான். ‘ஹெல்தி’யாம். (மேலே சொன்ன ‘ஆம்’ இதுதான்.)

நம்ம ஊர்ல ராகிங்னு இங்கிலீஷ்ல சொல்லிட்டுக் கடந்து போயிடுறோம். இலங்கைத் தமிழர்கள் அதைப் ‘பகிடிவதை’ன்னு சொல்றாங்க. பகிடின்னா அவங்க பேச்சுல ஜோக், கிண்டல். அதோட வதையை ஒட்டி வெச்சிருக்காங்க. எனக்கு இதைவிடச் சரியான வார்த்தை கிடைக்கலை. 1997-ல பேராதனைப் பல்கலைக்கழகத்துல வரப்பிரகாஷ்னு ஒரு தமிழ் மாணவர் பகிடிவதையால இறந்தார். நம்மள மாதிரி இன்ஜினியரிங் ஸ்டூடண்ட். உடற்பயிற்சின்னு சொல்லிச் செய்ய வெச்சதுல சிறுநீரகம் பழுதாகி உயிர் போச்சு. அடுத்த வருஷம், 1998-ல, இலங்கையில பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. இங்கே அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1996 நவம்பர்ல, முதலாமாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். 1997-ல தமிழ்நாட்டுல ராகிங் தடைச் சட்டம் வந்தது. பாக் நீரிணைக்கு ரெண்டு பக்கமும் ஒரு பையன் செத்த பிறகுதான் சட்டம் வந்திருக்கு.

வருஷா வருஷம் அட்மிஷன்ல நாம படிக்காம கையெழுத்துப் போடுற ராகிங் உறுதிமொழி யு.ஜி.சி.யோட 2009 விதிமுறைகள்ல இருந்து வர்றது. 2016-ல அதுல ஒரு திருத்தம் வந்தது. நிறம், சாதி, இனம், மொழி, தோற்றம், பிறந்த இடம், வசிக்கிற இடம், வீட்டுப் பொருளாதாரம் இதையெல்லாம் வெச்சு ஒருத்தரை மனசளவுல நோகடிச்சாலும், ஒதுக்கி வெச்சாலும் அது ராகிங்தான்னு. அதுவும் ஃபர்ஸ்ட் இயர்னு மட்டும் இல்லை, எந்த மாணவரா இருந்தாலும். பிறந்த இடம்னு தனியாவே போட்டிருக்கான். இது போக 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கு. பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவரை, அந்தச் சமூகத்தைச் சேராத ஒருத்தர் பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்துல இழிவுபடுத்தணும்னே அவமானப்படுத்தினா அது குற்றம். அதுல ‘சும்மா’வுக்குன்னு பிரிவு எதுவும் இல்லை. ஆனா உண்மையைச் சொல்லணும்னா, ‘இருக்காங்க’ன்னு சொல்லாம ‘இருக்கு’ன்னு சொன்னார் சார்னு எந்த கமிட்டிகிட்ட போய் நான் எழுதிக் குடுக்கிறது?

தேர்ட் இயர்ல ரூம்மேட் ஒரு ஐடியா சொன்னான். ‘டேய், அவனுங்க சொல்றதுக்கு முன்னாடி நாமளே போட்டுக்குவோம். ஃபுட்பால் ஜெர்சி பின்னாடி பெருசா காட்டான்னு அடிச்சுடுவோம். அப்புறம் எவன் கிண்டல் பண்ணுவான்?’ கேட்க நல்லாத்தான் இருந்தது. இது புது ஐடியாவும் இல்லை. ரெட்டமலை சீனிவாசன் 1893-ல ஒரு பத்திரிகை ஆரம்பிச்சப்போ அதுக்கு ‘பறையன்’னுதான் பேர் வெச்சார். ஊரே எதைச் சொல்லி இழிவு பண்ணுச்சோ அதையே எடுத்து முதல் பக்கத்துல தலைப்பா அடிச்சார். 1900 வரைக்கும் அது வந்தது. அதே காலத்துல இருந்த அயோத்திதாசர் அந்தப் பேரையே ஏத்துக்கலை. அது எதிரிங்க நம்ம மேல ஒட்டினது, நாம பூர்வ பௌத்தர்கள்னு வாதாடி எழுதினார். 1907-ல அவர் ஆரம்பிச்ச பத்திரிகையோட பேரு ‘ஒரு பைசாத் தமிழன்’. 1922-ல எம்.சி. ராஜா போன்றவங்களோட முயற்சியால சென்னை மாகாண அரசு பழைய பேரை விட்டுட்டு ‘ஆதி திராவிடர்’னு எழுத ஆரம்பிச்சது. இதுக்குள்ள அந்தப் பழைய சொல் கப்பல் ஏறிப் போய் இங்கிலீஷ் டிக்ஷனரியிலயும் ‘ஒதுக்கப்பட்டவன்’ங்கிற அர்த்தத்துல உட்கார்ந்திருந்தது. தமிழ்ல இருந்து உலகத்துக்கு நாம அனுப்பின வார்த்தைகள்ல அதுவும் ஒண்ணு.

ரெண்டு பேர்ல யார் பக்கம்னு கேட்டா, ரெட்டமலை சீனிவாசனோட துணிச்சல் எனக்குப் பிடிக்கும், ஆனா நான் அயோத்திதாசர் கட்சி. பத்திரிகைத் தலைப்பா ஒரு பேரைத் தூக்கிப் பிடிக்கிறவர் அடுத்த நாள் உள்ள என்ன எழுதணும்னும் அவரே முடிவு பண்றார். ஜெர்சியில போட்டுட்டு கிரவுண்ட்ல ஓடுற எனக்கு அந்த வசதி கிடையாது. அதுவுமில்லாம என் பேரு நல்லாத்தான் இருக்கு, எங்க தாத்தா பேரு அது. ஜெர்சியில அதையே அடிச்சேன். முதல் மேட்ச்ல பாதிப் பேர் ‘யாருடா இவன் புதுசா?’ன்னு கேட்டாங்க.

போன வருஷம் ஆடிப்பெருக்கு லீவுல, ஓரி விழா சமயம், கிளாஸ்ல இருந்து ஆறு பேர் எங்க வீட்டுக்கு வந்தாங்க. காரவள்ளி தாண்டி இருபதாவது வளைவுல ஒருத்தன், முப்பத்தஞ்சுல ரெண்டு பேர், உச்சிக்கு வர்றதுக்குள்ள நாலு பேர் வாந்தி. வீட்டுத் திண்ணையில துணி மாதிரி கிடந்தவங்களை அப்பாயி ஒரு சுத்து சுத்திப் பார்த்துச்சு. “ஏஞ்சாமி, கீழ்நாட்டுப் புள்ளைங்களுக்குக் குடலை நூல்ல கட்டி விட்டிருப்பாங்களாட்ட இருக்குது”ன்னு சொல்லிட்டு, எங்க தோட்டத்து மிளகைத் தட்டி ரசம் வெச்சு ஆளுக்கு ஒரு டம்ளர் குடுத்துச்சு. ரசம் உள்ள இறங்கின பிறகு “என்ன இன்ஜினியரு, மலை பெருசா பொஸ்தகம் பெருசா?”ன்னு கேட்டுச்சு. ஆறு பேரும் இன்னைக்கு வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறானுங்க. ‘சும்மா’ டெஸ்ட்டுல அப்பாயி நூத்துக்கு நூறு. குடலைப் பத்திக் கிண்டல் பண்ணின கைதான் அந்தக் குடலுக்கு ரசமும் ஊத்துச்சு. திரும்பி வந்த பிறகு ஆறு பேர்ல ஒருத்தன் மட்டும் குரூப்ல என் பேரை மாத்தினான். மத்த அஞ்சு பேரும் அப்பாயியை விசாரிப்பாங்க, என்னைக் காட்டான்னுதான் கூப்பிடுவாங்க. அவங்க கூப்பிடும்போது அது வலிக்கலைங்கிறதும் உண்மை. வேற யாராவது கூப்பிட்டா அதே வார்த்தை வலிக்குதுங்கிறதும் உண்மை. பவணந்தியைத்தான் கேட்கணும்.

இந்த வருஷம் ஃபர்ஸ்ட் இயர்ல எங்க மலையில இருந்து ஒரு பையன் வந்திருக்கான். மெஸ்ல என் பக்கத்துல உட்கார்ந்து, சுத்தி யாரும் இல்லைன்னு பார்த்துட்டு, மெதுவா ஊர்ப் பேரைச் சொன்னான். எங்க வீட்டுல இருந்து நடந்தே போற தூரம்.

“வெளியில சொல்லிடாதீங்கண்ணா. இன்ட்ரோவுல சேந்தமங்கலம்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

“ஏன்டா?”

“உங்களை என்னன்னு கூப்பிடுறாங்கன்னு முதல் நாளே கேட்டேண்ணா.”

அதுக்கு மேல நான் ஒண்ணும் கேட்கலை. அவன் தட்டுல இருந்த முட்டையை உரிச்சுட்டே, என் நிஜப் பேரு என்னன்னு கேட்டான். சொன்னேன். அதை எழுத்துக் கூட்டி போன்ல சேவ் பண்ணிக்கிட்டான்.

இதை அவன்கிட்ட படிச்சுக் காட்டிட்டுத்தான் எடிட்டருக்கு அனுப்பினேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னான். அதனால, அவன் இன்ட்ரோவுல சொன்ன ஊர் சேந்தமங்கலம் இல்லை.